ஐந்து கிளிக்

அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டு வாங்கிய பொருள் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்.

"என்னோடதா, அண்ணியோடதா?" என்று கேட்டேன்.

"யாரோடதா இருந்தா என்ன? நான் என்ன பல்லா தேய்க்கப் போறேன்? நார் கெட்டியா இருக்கணும், அவ்வளவுதான்."

அண்ணியுடையதைக் கொடுத்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து அண்ணி பார்த்துவிட்டார். "அந்த பிரஷ் திரும்ப உள்ள வந்துது, ரெண்டு பேருக்கும் சாப்பாடு கிடையாது, சொல்லிட்டேன்."

"வராது. இதை வண்டிக்கே எழுதி வெச்சிட்டேன்" என்றான் அண்ணன். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, காரின் பின்சக்கர பிரேக்கில் காலிப்பர் பொருந்தும் இரும்புச் சட்டத்தின் துருவைத் தேய்க்க ஆரம்பித்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி பத்து இருக்கும். பதினொன்றரைக்கு அவன் இல்லை.

நான் நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை செய்கிறேன். சாட்சிகள் சொல்லச் சொல்ல அடிப்பது என் தொழில். "அந்த நேரத்தில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்டவுடன் ஆட்கள் எப்படிக் கண்ணைத் தாழ்த்துகிறார்கள், "சரியா ஞாபகம் இல்லைங்க" என்று எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அன்று நான் ஹேண்ட் பிரேக் போட்டேனா?

எங்கள் வீட்டில் யாரும் ஹேண்ட் பிரேக் போட்டதில்லை. அப்பா அந்த வண்டியை வாங்கிய முதல் வாரத்தில் அது ஒருமுறை பிடிக்காமல் போய், வண்டி பக்கத்து வீட்டுச் சுவரை முத்தமிட்டுவிட்டு வந்ததாம். அன்றே ஒரு மரக்கட்டையை ஆப்பு வடிவத்தில் அறுத்து, அதில் ஒரு கயிறு கட்டி வைத்துவிட்டார். வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே உள்ள சந்துதான் வண்டி நிற்கும் இடம். கேட்டிலிருந்து உள்ளே வரவர ஏற்றம். வண்டியை முகப்பு மேலே இருக்கும்படி ஏற்றி நிறுத்தி, முதல் கியரில் போட்டு, இன்ஜினை அணைத்து, இறங்கி, கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் காலால் தள்ள வேண்டும். பிறகு உள்ளே கையை நீட்டி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். 'கியரில் விட்டால் பல் தேயும்' என்பது அப்பாவின் இன்னொரு சட்டம். நியூட்ரலுக்கு வந்ததும் வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்து 'டக்' என்று கட்டையின் மேல் உட்காரும். அந்த 'டக்' கேட்டால் வேலை முடிந்தது. காலையில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் நின்று கயிற்றை இழுப்போம். கட்டை எப்போதும் முறுக்கிக்கொண்டுதான் வரும். ரெண்டு இழு, மூணு இழு.

அப்பா போய் ஆறு வருடம் ஆன பிறகும் இதுதான் நடந்தது. பதினான்கு வருடம் அந்த லீவர் கைக்குட்டை வைக்கிற இடமாக இருந்தது.

அந்த வருட வாகனச் சோதனையில்தான் வினை வந்தது. சோதனை செய்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் லீவரை முழு பலத்தோடு இழுத்தார். பின்சக்கரம் இரண்டும் பிடித்துக்கொண்டன. லீவரை இறக்கினார். சக்கரங்கள் விடவில்லை.

"பதினாலு வருஷமா நாங்களே தொடாததை நீங்க ஏங்க தொட்டீங்க?" என்றான் அண்ணன்.

"ஹேண்ட் பிரேக்னா தொடத்தான் செய்வாங்க. பின்ன பொட்டு வெச்சுக் கும்பிடவா செய்வாங்க?"

சுத்தியலால் தட்டி ஒருவழியாக விடுவித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆனால் அதன் பிறகு வண்டி தயங்கித் தயங்கித்தான் ஓடியது. நிறுத்தி இறங்கினால் பின்பக்கம் கருகிய வாடை. வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு கட்டிடங்களின் லிஃப்ட்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. பிரேக் என்ற சொல்லை அவன் மரியாதையாகத்தான் சொல்வான். இரண்டு ஞாயிறு முன்பு சக்கரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"ஏய் டைப்பு, இங்க பாரு. இதுதான் காலிப்பர். இந்த இரும்புத் தட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். பிரேக்கை விட்டதும் கவ்வினதையும் விடணும். இது விடமாட்டேங்குது."

"ஏன்?"

"இதோ இந்த சின்ன கை இருக்குல்ல, ஹேண்ட் பிரேக் கேபிள் இதைத்தான் இழுக்குது. இழுக்காமலே வெச்சிருந்தோம், துருப்பிடிச்சுப் போச்சு. ஒரு தடவை இழுத்ததும் அப்படியே நின்னுடுச்சு. சும்மா இருந்தே கெட்டுப்போன சாதி. உன் தம்பி மாதிரி."

எனக்குத் தம்பி கிடையாது. அடுத்த வேலை தேடாமல் வீட்டில் இருக்கும் அண்ணியின் தம்பியைத்தான் சொன்னான். ஜன்னலில் அண்ணி இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் சொன்னான்.

வலது பக்கத்துக்குப் புதிய காலிப்பர் வாங்கினான். இடது பக்கத்துக்குப் பழையதே போதும் என்று அதைப் பிரித்து, வழுக்கிச் செல்லவேண்டிய இரண்டு பின்களையும் தேய்த்து, கிரீஸ் வைத்து, கிழிந்த ரப்பரை மாற்றினான். அந்த ஞாயிறு, கேட்டுக்கு வெளியே தெரு சமமாக இருக்கும் இடத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பிரஷ்ஷால் தேய்த்த சட்டத்தில் எல்லாவற்றையும் பொருத்தினான். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தேன்.

"மிதி. பிடிச்சுக்கோ. விடாதே, விடாதே... ம், விடு. விடுன்னா மெதுவா விடணும், எரியுற சட்டியைப் போடற மாதிரி போடாதே."

எதிர்க் கடை வெல்டர் மாமா கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். "என்ன லிஃப்ட்டு, வண்டி மாடி ஏறுமா?"

"ஏறும். இறங்காது. அதுதானே பிரேக்கு" என்றான் அண்ணன்.

பிறகு ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனான். மதில் சுவரில் முழங்கால் உயரத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டான். லிஃப்ட் கயிற்றில் இப்படித்தான் கோடு போட்டுவிட்டு, நழுவுகிறதா என்று பார்ப்பானாம்.

"இப்ப நீதான் ஓட்டப் போறே. நான் வெளியில நின்னு சத்தம் கேட்கணும். நாலு தெரு சுத்திட்டு வா, நல்லா பிரேக் போட்டுப் போட்டு ஓட்டு. வந்து பின்சக்கரத்தோட நடு இந்தக் கோட்டுல வர்ற மாதிரி நிறுத்து. நியூட்ரல். ஹேண்ட் பிரேக் அஞ்சு கிளிக். எண்ணு. அஞ்சு. இறங்கி வா. ஹேண்ட் பிரேக் மட்டும் தனியா பிடிக்குதான்னு பார்க்கணும்."

"கட்டை?"

"கட்டைக்கு நாளையிலேர்ந்து ரிட்டயர்மென்ட். கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கட்டும். இனிமே வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த லீவரை யாராவது இழுத்து விடணும். இல்லன்னா மறுபடி பிடிச்சுக்கும்."

நான்கு தெரு சுற்றினேன். வண்டி அத்தனை லேசாக ஓடி நான் பார்த்ததில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. திரும்பி வந்து சந்தில் ஏற்றினேன். கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். அண்ணன் வழக்கம்போல் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பல நாள் எனக்கு நானே படித்துப் பார்த்தேன். இறங்கினேன். காலுக்குக் கீழே கட்டை கிடந்தது. காலால் தள்ளினேன். தள்ளினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குத் தெரிகிறதா?

"நியூட்ரலா?" என்றான் அண்ணன் கேட் பக்கத்திலிருந்து.

"ஆமா."

"ஹேண்ட் பிரேக் போட்டியா?"

"போட்டேன்."

அவனுடைய கை முழுக்க கிரீஸ். கை கழுவ சோப்புத் தூள் எடுத்து வரலாம் என்று பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனேன். சந்தில் அவன் குரல் கேட்டது. முதலில் ஒரு சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பான், பிறகு இன்னொன்றை.

"ரெண்டு பக்கமும் ஒரே சூடு! ஏய் டைப்பு, ரெண்டும் ஒரே சூடு!"

அவன் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தி நான் கேட்டு நாளாகிவிட்டது. பிறகு சிரிப்பு. "அடிப்பாவி, இன்னும் கட்டையா? அப்பா பொண்ணுன்னு காட்டறியா?"

தூள் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "என்னமாப் பிடிச்சிருக்கு இது" என்றான். ஒரு இழு. இரண்டாவது இழு.

டப்பா என் கையில் இருந்தது. வெளியே கேட் இரும்பு முழுவதும் ஒரே தடவை அதிர்ந்தது.

சந்தின் அகலத்தில் ஒதுங்க இடமில்லை. கேட் சாத்தியிருந்தது. வெல்டர் மாமா கேட்டின் மேல் ஏறிக் குதித்து வந்தார். அண்ணி, நான், அவர், தெருவில் போன இரண்டு பேர் எல்லோருமாக வண்டியை மேலே தள்ளினோம். மாமா கதவைத் திறந்து உள்ளே பாய்ந்து ஏதோ செய்தார். வண்டி நின்றது. மருத்துவமனைக்குப் பாதி வழியில் அண்ணன் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

நான்காம் நாள் விசாரணை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். லீவர் மேலே இழுத்த நிலையில் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். வெல்டர் மாமாவும் "ஹேண்ட் பிரேக் போட்டுத்தாங்க இருந்துச்சு" என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஆகவே அறிக்கை எளிதாக முடிந்துவிட்டது. 'வீட்டிலேயே செய்யப்பட்ட பழுதுபார்ப்பின் குறையால் பின்பக்க பிரேக் பிடிக்காமல்' என்று ஒரு வரி. திங்கட்கிழமை அண்ணி கையெழுத்துப் போட வேண்டும்.

"சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பார்த்தா மட்டும் என்ன ஆகப் போகுது? யார் மேலயும் வழக்கு இல்ல. அவரே செஞ்சது, அவருக்கே..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு அண்ணி அந்தத் தாளை எடுத்து மூன்று தடவை படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீதான் இந்த மாதிரி எல்லாம் அடிக்கறவளாச்சே. இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு. அவரு வேலை தப்புன்னுதானே?"

"அப்படித்தான் எழுதியிருக்கு, அண்ணி."

"ஆபீஸ்லேர்ந்து போன் வந்துது. அவரு கைவெச்ச லிஃப்ட்டை எல்லாம் திரும்பப் பிரிச்சுப் பார்க்கறாங்களாம். முப்பத்தோரு கட்டிடம்." தாளை மடித்தார். "ஒரு திருகாணி மிச்சமானா ராத்திரி தூங்காத மனுஷன்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? துக்கம் கேட்க வந்தவர்களே படி இறங்கும்போது பேசிக்கொண்டு போனார்கள். 'லிஃப்ட்டு பிரேக் பார்க்கறவன் சொந்த வண்டி பிரேக்கைக் கோட்டை விட்டுட்டானே.' அண்ணி அதைக் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்துவார்.

நான் பேசவில்லை. 'போட்டேன்' என்று அண்ணனிடம் சொன்னவள் நான். லீவர் மேலே இருந்ததைப் பார்த்தவர் அரசு அதிகாரி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டு இழுப்பு போகவில்லை. 'என்னமாப் பிடிச்சிருக்கு இது.' சோறு பிசையும்போது, பஸ்ஸில், அலுவலகத்தில் விசை தட்டும்போது அந்த வரி வந்துகொண்டே இருந்தது. பிரேக் வண்டியைப் பிடித்திருந்தால் கட்டையின் மேல் பாரம் எப்படி வரும்? அண்ணனுக்கு அது தோன்றாமல் போனது ஏன் என்பதும் எனக்குத் தெரிந்தது. பதினான்கு வருடமாக அந்தக் கட்டை முறுக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அது லேசாக வந்திருந்தால்தான் அவன் கை திடுக்கிட்டிருக்கும்.

ஞாயிறு காலை வெல்டர் மாமா காவல் நிலையத்திலிருந்து வண்டியை மீட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவிலேயே நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

"மாமா, நில்லுங்க. அன்னிக்கு நீங்க கதவைத் திறந்தப்ப லீவர் எப்படி இருந்துச்சு?"

"மேல இருந்துச்சு. அதான் எழுதிக் கொடுத்திருக்கேனே."

"மேல இருந்துச்சா, நீங்க மேல இழுத்தீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் இடுக்கில் இருந்த பழைய தீக்காயத்தைத் தேய்த்தார். "எதுக்கும்மா இதெல்லாம் இப்ப? போனவன் போயிட்டான். அவனுக்கு எது எழுதினாலும் ஒண்ணுதான். இருக்கறவ நீ. உன்னையும் சேர்த்து எதுக்குப் புதைக்கணும்?"

"நீங்கதான் இழுத்தீங்க."

"தள்ளின வண்டி திரும்ப இறங்கிடக் கூடாதுன்னு இழுத்தேன். ஆமா."

"இழுத்ததும் நின்னுச்சா?"

அவர் வாயைத் திறந்தார். கேள்வி எங்கே போகிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "நின்னுச்சு" என்றார், மெதுவாக. "ஒரு இஞ்ச் கூட நகரல."

நான் வண்டியில் ஏறினேன். அண்ணி படியில் வந்து நின்றார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. சந்தில் ஏற்றினேன். சுவரில் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. நிறுத்தினேன். முதல் கியர். இன்ஜினை அணைத்தேன். லீவரை இழுத்தேன், வாய்விட்டு எண்ணிக்கொண்டு. ஐந்து. இறங்கினேன். கட்டையைக் காலால் தள்ளினேன். உள்ளே கையை நீட்டி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன்.

'டக்' கேட்கவில்லை.

வண்டி அசையவே இல்லை. சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி அப்படியே இருந்தது. அப்போதுதான் அன்றைய நாள் முழுவதும் என் உடம்புக்குள் திரும்பி வந்தது. அன்று 'டக்' கேட்டது. வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்து கட்டையின் மேல் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், வேலை முடிந்தது என்ற நிம்மதியில்தான், 'போட்டேன்' என்றேன்.

கயிற்றை எடுத்தேன்.

"ஏய், இரு, இரு" என்று மாமா ஓடினார். கடையிலிருந்து ஒரு கனத்த இரும்பு உத்திரத் துண்டை இரண்டு பேர் உதவியோடு தூக்கி வந்து வண்டிக்குப் பின்னால், சந்தின் குறுக்கே போட்டார். "அதுக்கு இந்தப் பக்கம் நின்னு இழு."

கயிறு அவ்வளவு நீளம் இல்லை. உத்திரத்தைத் தாண்டி வண்டிக்குப் பக்கத்தில் போனேன்.

"தாண்டாதே!" அண்ணியின் குரல் கிழிந்தது. "எனக்கு இன்னொண்ணு வேண்டாம். தாண்டாதேடி!"

"அண்ணன் வேலை அண்ணி இது. நிக்கும்."

அவன் நின்ற இடத்தில்தான் நின்றேன். பின்கதவுக் கண்ணாடியில் என் முகமும் எனக்குப் பின்னால் கேட்டும் தெரிந்தன. கயிற்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். கட்டை ஒரு பொம்மை மாதிரி உருண்டு என் காலடிக்கு வந்தது.

வண்டி நின்றது. நூறு வரை எண்ணினேன். மாமா ஏதோ சொன்னார். மறுபடி நூறு எண்ணினேன். சக்கரத்தின் நடுவும் சுவரின் கோடும் ஒன்றாகவே இருந்தன.

அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். உட்காரும் தைரியம் வரவில்லை.

"அப்ப அன்னிக்கு?" என்றார்.

"அன்னிக்கு நான் போடல அண்ணி. போட்டேன்னு சொன்னேன். போடல."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப அவரு வேலையில தப்பு இல்ல."

"இல்ல."

"ஒரு துளி கூட."

"இல்ல அண்ணி."

"அதை முதல்ல அடி" என்றார். "உன் கையாலயே அடி. அவரு வேலையைப் பத்தி முதல்ல. உன்னைப் பத்தி அப்புறம்."

அன்று மாலை அடித்தேன். முதல் பத்தியில் காலிப்பர்கள், கேபிள், ஐந்து கிளிக், கோடு. இரண்டாம் பத்தியில் நான். மாமாவும் தன் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுக்க என்னோடு வந்தார். திங்கட்கிழமை அந்த மரியாதையான அதிகாரி இரண்டையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உங்க மேல வரும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். வழக்கு வந்தது, நடந்தது, முடிந்தது. பக்கத்து அறையில் எனக்கு அடுத்த நாற்காலிக்காரி என் வாக்குமூலத்தை அடித்தாள். 'சரியா ஞாபகம் இல்லைங்க' என்ற வரி அதில் இல்லை. சோதனை செய்தவர்கள் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்து, பொருத்தியதில் குறை எதுவும் இல்லை என்று எழுதினார்கள். அந்தத் தாளின் நகலை அண்ணி லிஃப்ட் அலுவலகத்துக்குத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் பத்தொன்பது கட்டிடங்களைப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். பத்தொன்பதிலும் ஒரு குறையும் இல்லையாம்.

அண்ணி அதன் பிறகு ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே வீடுதான், ஒரே அடுப்புதான். தட்டை வைப்பார், பேசமாட்டார். நான் கேட்கவும் இல்லை. ஏழாம் மாதம் ஒரு காலையில் கடையிலிருந்து வந்தவர் ஒரு புதிய பல் தேய்க்கும் பிரஷ்ஷை மேசை மேல் வைத்து, "உனக்கும் ஒண்ணு வாங்கினேன்" என்றார். அவ்வளவுதான். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கமாட்டேன்.

வண்டியை விற்கவில்லை. எப்போதாவது மாமா எடுத்து ஓட்டிவிட்டு அதே இடத்தில் கொண்டுவந்து விடுவார். கட்டை கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, லீவரை இறக்கி மறுபடி இழுப்பேன். இழுக்காமல் விட்டால் பிடித்துக்கொள்ளும் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

மழையில் கோடு அழிந்தால் அண்ணி அதன் மேலேயே மறுபடி போட்டுவிடுகிறார். ஐந்து கிளிக். பின்சக்கரத்தின் நடு இன்றும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது.